பின்கட்டு மரத்தளம்: ஆயிரம் ரிங்கிட்டுக்குள் ஒரு மீட்பு வேலை

எங்கள் வீட்டுப் பின்கட்டு மரத்தளத்தில் பார்க்க மிகவும் அசிங்கமாக இருந்த இடம்தான் மிக உறுதியாக இருந்தது. நடுப்பகுதியில் வெயில் நேராக விழும். பலகைகள் வெளுத்துச் சாம்பல் பூத்து, நெடுக மெல்லிய விரிசல் ஓடி, காலில் சிராய் ஏறும் நிலையில் கிடந்தன. ஆனால் திருப்புளி முனையை வைத்து எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே இறங்கவில்லை. சுவரோரம் நிழலில் இருந்த இரண்டு பலகைகள் பழுப்பு நிறம் மாறாமல் அழகாக இருந்தன. அவற்றில் அதே திருப்புளி கைப்பிடி வரை இறங்கியது.

இந்த வேலையில் செலவைத் தீர்மானிப்பது இந்த ஒரு சோதனைதான். கண்ணை நம்பினால் நல்ல மரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுக் கெட்டதன் மேல் எண்ணெய் பூசுவோம்.

வீடு பினாங்குத் தீவின் குளுகோரில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலிருந்து அதிக தூரமில்லாத ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறது. பின்பக்கம் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி மரத்தளம். வீட்டை எங்களுக்கு விற்றவர் போட்டது. சிமெண்டுத் தரையின் மேல் இரண்டுக்கு மூன்று அங்குலச் சட்டங்களைப் பரப்பி, அதன் மேல் ஒன்றுக்கு நான்கு பலகைகளைத் திருகியிருந்தார். அம்மாவுக்கு அது வடகம் காயும் இடம், துளசியும் கறிவேப்பிலையும் வளரும் இடம், மாலையில் காற்று வாங்கும் இடம். ஒரு மூலையில் கால் வைத்தால் தளம் அமுங்கத் தொடங்கிய பிறகு, அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு குத்தகையாளரை அழைத்துக் காட்டினேன். தளத்தின் மேல் நின்றபடியே பார்த்தார், குனியவில்லை. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் கலந்த செயற்கைப் பலகை போட 4,900 ரிங்கிட் ஆகும் என்றார். செயற்கைப் பலகை மேல் எனக்குப் பகை இல்லை. அதற்கு எண்ணெய் பூச வேண்டாம், கறையானும் அரிக்காது. ஆனால் மத்தியான வெயிலில் வெறுங்காலுடன் நடக்க முடியாத அளவுக்குச் சுடும். அதையும் சட்டத்தின் மேல்தான் போட்டாக வேண்டும், சட்டம் இற்றிருந்தால் மேலே எது இருந்தாலும் அமுங்கத்தான் செய்யும். குனிந்து பார்க்காதவரிடம் ஐயாயிரம் ரிங்கிட் கொடுக்க மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டு மாமா பெருநிலத்துப் பிறை என்ற ஊரில் மர ஆலை ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வந்ததும் தரையில் மண்டியிட்டு, ஒரு பலகையின் வெட்டுமுனையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "பலகை பாலாவ், தம்பி. நல்ல மரம். அடியில் இருக்கிற சட்டம்தான் கண்டமேனிக்குப் பொறுக்கிப் போட்ட கலப்பு மரம். மருந்து ஏற்றியது மாதிரியும் தெரியவில்லை" என்றார். ஊரில் பல தளங்களின் கதை இதுதான். கண்ணுக்குத் தெரிகிற பலகைக்குப் பணம் போடுவார்கள். தெரியாத சட்டத்தில் மிச்சம் பிடிப்பார்கள்.

சோதனைக்கு ஒரு சாக்குக்கட்டியும் கூரான திருப்புளியும் போதும். ஒவ்வொரு பலகையிலும் திருகாணி இருக்கிற இடம், வெட்டுமுனை, இரண்டு பலகை சேரும் இடம் ஆகியவற்றைக் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல மரம் முனையைத் தடுக்கும், நெம்பினால் நீளமான நாராகப் பிய்யும். மக்கிய மரம் ஓசையில்லாமல் விட்டுக்கொடுக்கும், நெம்பினால் குட்டைத் துண்டாக உடையும். தட்டிக் கேட்பதும் உதவும். கெட்ட இடத்தில் ஒலி மந்தமாக இருக்கும். கெட்டதற்கு மட்டும் குறியிட்டுக்கொண்டே போனேன். முடித்து எழுந்து நின்று பார்த்தபோது குறிகள் தளம் முழுவதும் சிதறிக் கிடக்கவில்லை, மூன்றே இடங்களில் குவிந்திருந்தன.

சாம்பல் நிறம் ஏன் ஆபத்தில்லை என்று சொல்லிவிடுகிறேன். மரத்தின் நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயிலின் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது, சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளுத்த நார். இது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் முடிந்துவிடும். மக்கிப்போவது வேறு விவகாரம். அது பூஞ்சையின் வேலை. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால்தான் அது பிழைக்கும். மழையில் நனைந்து வெயிலில் காய்கிற மரத்தை அது அவ்வளவு எளிதில் தொடுவதில்லை. ஜார்ஜ்டவுனில் வெல்ட் கீ ஓரத்துச் சியூ ஜெட்டிக்குப் போனவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். கடலுக்கு மேல் கால்நட்டுக் கட்டிய மர நடைபாதை அது. வெளுத்த பலகைகள் மேல் நாள் முழுக்கச் சுற்றுலாப் பயணிகள் நடக்கிறார்கள். அடியில் காற்று ஓடுகிறது, இடைவெளி வழியே தண்ணீர் வடிகிறது.

எங்கள் தளத்தில் தண்ணீர் வடியாத இடங்கள்தான் அந்த மூன்று. அமுங்கிய மூலைக்கு நேர் மேலே குளிர்சாதனத்தின் வடிகுழாய் இருந்தது. இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக அந்த மூலையில் விழுந்துகொண்டே இருக்கும். வெயில் அங்கே படாது. மழை இல்லாத நாளிலும் அந்த ஒரு சதுர அடிக்கு மழைக்காலம்தான். இரண்டாவது இடம் அம்மாவின் பூந்தொட்டிகளுக்கு அடியில். தொட்டி தரையோடு ஒட்டியிருந்ததால் ஊற்றிய தண்ணீர் அடியிலேயே தங்கியிருந்தது. மூன்றாவது சுவரோரம். பலகைக்கும் சுவருக்கும் இடையே விட்டிருந்த சந்தில் வருடக்கணக்கில் இலைச் சருகு இறங்கி, மண்ணாகி, ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது. அழகாகத் தெரிந்த அந்த இரண்டு பலகைகள் அங்கேதான் இருந்தன.

"தண்ணீரை நிறுத்தாமல் பலகையை மாற்றினால் அடுத்த தடவையும் இதே மூலையில்தான் உட்கார்ந்திருப்பீர்கள்" என்று மாமா சொன்னார். அதனால் முதல் வேலை மர வேலையே இல்லை. அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாயும் இரண்டு முழங்கை இணைப்பும் வாங்கி, வடிகுழாயைச் சுவரோரமாகக் கொண்டுபோய்ச் சாக்கடையில் விட்டேன். பதினைந்து ரிங்கிட். மொத்தச் செலவில் மிகக் குறைவானது அதுதான், மிகுந்த பலன் தந்ததும் அதுதான்.

பலகைகளைப் பெயர்ப்பதற்கு முன்னால் கறையான் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சுவர் அடியிலும் சட்டத்தின் பக்கவாட்டிலும் பென்சில் பருமனில் மண்குழாய் ஓடியிருந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். தீபகற்ப மலேசியாவின் நகர்ப்புற வீடுகளில் அதிகம் தொல்லை தருவது காப்டோடெர்மஸ் கெஸ்ட்ராய் என்ற நிலத்தடிக் கறையான். கண்ணில் பட்டதன் மேல் மருந்தைப் பீய்ச்சினால் அந்தச் சில பூச்சிகள் சாகும், புற்று பத்திரமாக இருக்கும். உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரைத்தான் அழைக்க வேண்டும், அந்தச் செலவில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எங்கள் தளத்தில் கறையான் இல்லை. நத்தைகளும் ஒரு தேரையும் மட்டுமே குடியிருந்தன.

இன்னொன்று, கொசு. தளத்தின் அடியில் சிமெண்டுத் தரை குழிந்திருந்த இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. ஏடிஸ் கொசுவுக்கு அது தாராளம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் சுகாதார அதிகாரிகள் அபராதம் விதிக்கலாம். பலகைகளை எடுத்த கையோடு குழியைச் சிமெண்டுக் கலவையால் நிரப்பி, சாக்கடைப் பக்கம் லேசான சரிவு கொடுத்தேன்.

காலம் பார்த்துத் தொடங்குவதும் முக்கியம். பினாங்கில் செப்டம்பரும் அக்டோபரும் கொட்டித் தீர்க்கும். ஜனவரி, பிப்ரவரியில்தான் வானம் கொஞ்சம் ஓயும். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் இடையில் அடிக்கிற வெயில் மரம் காய்வதற்கென்றே வந்தது போல இருக்கும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பிற்பகல் இடிமழை உண்டு. அவர்கள் ஒரு பெரிய தார்ப்பாயை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

திருகாணிகளைக் கழற்றியதுதான் இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதித்த பகுதி. பழையவை துத்தநாகம் பூசிய சாதாரண இரும்பு. தலை துருப்பிடித்து, பள்ளத்தில் அழுக்கு இறுகி, துளைப்பானில் பொருத்தும் திருப்புளி முனையான பிட்டை வைத்துச் சுழற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. வழுக்கியதும் இன்னும் வேகமாகச் சுழற்றத்தான் கை போகும். அப்படிச் செய்தால் இருக்கிற பள்ளமும் தேய்ந்து மொட்டையாகிவிடும். முதலில் பழைய ஆணி முனையால் பள்ளத்தில் உள்ள அழுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு பிட்டைப் பள்ளத்தில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அந்த அதிர்ச்சியில் துருவின் பிடி கொஞ்சம் விடும். அதன் பின் கையால் பலமாக அழுத்தியபடி மிக மெதுவாகத் திருப்பினால் பாதிக்கு மேல் வந்துவிடும். அதற்கும் அசையாதவற்றுக்குச் சூட்டுக்கோல் வைத்தியம். மின்கம்பி பற்றவைக்கும் சால்டரிங் கோலைத் தலையின் மேல் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் இரும்பு விரிந்து, ஆறும்போது சுருங்கி, மரத்தின் பிடி தளரும். எதற்கும் மசியாத மொட்டைத் தலைகளை அதே அளவு துளைப்பானால் துளைத்துத் தலையை மட்டும் உடைத்து எடுத்தேன். பலகை மேலே வந்துவிடும், சட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை இடுக்கியால் திருகிவிடலாம். கடப்பாரை வைத்துப் பலகையைப் பெயர்த்தெடுப்பது வேகமான வழிதான். ஆனால் பாலாவ் பிளந்துவிடும், பிளந்தால் புதுப் பலகைக்குச் செலவு. இங்கே பொறுமைக்கு நேரடியாக ரிங்கிட்டில் மதிப்பு உண்டு.

பலகைகளின் அடிப்பக்கத்தில் எண் எழுதி அடுக்கிவைத்த பிறகு சட்டங்களைப் பார்த்தேன். பத்தில் ஏழு நன்றாகவே இருந்தன. இரண்டின் மேல்விளிம்பு திருகாணித் துளைகளைச் சுற்றி மக்கியிருந்தது. குளிர்சாதன மூலையில் இருந்த ஒன்றைக் கையாலேயே பிட்டு எடுக்க முடிந்தது. அதை முழுவதும் மாற்றினேன். மற்ற இரண்டையும் அகற்றவில்லை. மக்கிய பகுதியை உளியால் செதுக்கி, பூஞ்சை மருந்து தடவிக் காயவிட்டு, பக்கத்திலேயே புதுச் சட்டம் ஒன்றை ஒட்டிவைத்துப் போல்ட் போட்டு முடுக்கினேன். பலகையின் எடையைப் புதுச் சட்டம் வாங்கிக்கொள்ளும், பழையது துணைக்கு நிற்கும்.

புதுச் சட்டத்துக்கு மருந்தேற்றிய கெம்பாஸ் வாங்கினேன். வெறும் கெம்பாஸைக் கறையான் விட்டுவைக்காது. ஆனால் மருந்தை நன்றாக உறிஞ்சும் மரம் அது. மருந்தேற்றிய பிறகு அந்தக் காலத்தில் ரயில் தண்டவாளக் கட்டையாகவே போட்டிருக்கிறார்கள். லேசான பச்சை நிறம் தெரிந்தால் செம்புச் சத்துள்ள மருந்து ஏறியிருக்கிறது என்று பொருள். மருந்து மரத்தின் நடுவரை போயிருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் அறுத்த முனைகளில் மறுபடியும் மருந்தைத் தூரிகையால் தடவ வேண்டும். கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அறுத்த துண்டுகளை அம்மா பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். பொங்கல் அடுப்புக்கு ஆகுமாம். பிடுங்கிக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. இவ்வகை மருந்தேற்றிய மரங்களில் செம்போடு குரோமியமும் ஆர்செனிக்கும் இருக்கலாம். அந்தப் புகையில் வெந்த பொங்கல் யாருக்கும் வேண்டாம். அறுக்கும்போது முகமூடியும் கட்டாயம்.

சட்டங்கள் சிமெண்டில் நேராக உட்கார்ந்திருந்ததும் ஒரு குறை. தரையின் ஈரத்தை அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருந்தன. பழைய பிளாஸ்டிக் நறுக்குப்பலகைகளை உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு சட்டத்துக்கும் அடியில் இடைவெளி விட்டு வைத்தேன். அவை மக்காது, தண்ணீர் குடிக்காது. உயரம் சரிசெய்ய இன்னொரு துண்டைச் செருகிக்கொள்ளலாம். ரசமட்டம் வைத்து, தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடுமாறு மிகச் சிறிய சாய்வு கொடுத்தேன். கடைசியாக ஒவ்வொரு சட்டத்தின் மேல்முகத்திலும் தார்நாடா ஒட்டினேன். திருகாணித் துளை வழியாக இறங்கும் தண்ணீர்தான் சட்டத்தைக் கொல்கிறது. இந்த நாடா திருகாணியைச் சுற்றி இறுக்கமாக மூடிக்கொண்டு அதைத் தடுக்கிறது. இரண்டு சுருள் ஐம்பது ரிங்கிட். எண்ணெயின் தரத்தைக் குறைத்தாவது இதை வாங்குங்கள் என்பேன்.

இனிப் பலகைகள். சிக்கனத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது: பலகையைப் புரட்டிப் போடுவது. வெயிலே காணாத அடிப்பக்கம் பெரும்பாலும் புதிது போலவே இருக்கும். சட்டம் பட்ட இடங்களில் கறுத்த கோடுகள் இருக்கும், அவ்வளவுதான். புரட்டும்போது பலகையின் தலையையும் காலையும் மாற்றிப் போட்டால் பழைய துளைகளும் புதுத் துளைகளும் ஒரே இடத்தில் விழாது. பழைய துளைகளில் எபாக்சிப் பசையோடு அதே பலகையின் மரத்தூளைக் குழைத்து அடைத்தேன். அடைக்காமல் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு சிறு கிணறு. முனை மட்டும் மக்கிய பலகைகளை முழுவதும் தள்ள வேண்டியதில்லை. நல்ல பகுதி வரை, ஏதாவது ஒரு சட்டத்தின் நடுக்கோட்டில் விழுமாறு அறுத்து, மிச்ச நீளத்துக்கு வேறு துண்டு சேர்த்தால் போதும். இணைப்புகள் பக்கத்துப் பலகைகளில் ஒரே நேர்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைத்தால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

மக்கிய பலகைகளை உடைத்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஓரத்தில் வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிமரம், விட்டு அறுத்தவை. மரம் எவ்வளவு பெரிய சாதியானாலும் உறுதி வைரம் என்கிற உள்மரத்தில்தான் இருக்கும். வெளிறுக்கு அந்தப் பெயரும் பெருமையும் செல்லாது. பலகை வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பார்த்து, ஓரத்தில் வெளிர்ந்த பட்டை இருந்தால் ஒதுக்கிவிடுவது நல்லது.

பற்றாக்குறைக்குப் புதுப் பாலாவ் விசாரித்தேன், விலை கடித்தது. மாமாதான் பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருக்கிற பழைய மரக் கடைக்கு அழைத்துப் போனார். இடித்த வீடுகளின் தரைப்பலகை, உத்தரம், கதவுநிலை எல்லாம் அங்கே மலைபோல் கிடந்தன. பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் கட்டணம் இல்லை, ஆனால் பன்னிரண்டு அடிப் பலகையை அதில் கட்டிக்கொண்டு வர முடியாதே. மாமாவின் மருமகனுடைய சிறு லோரிக்குப் பெட்ரோலும் சாப்பாடும் கொடுத்துச் சமாளித்தோம். கடைத் தௌக்கே, அதாவது முதலாளி, மரத்தைத் தொடாமலேயே விலை சொல்கிறவர். மாமா ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்து, ஓரத்தைக் கத்தியால் சீவி, சீவலை முகர்ந்து பார்த்து, "செங்கால், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று என் காதில் சொன்னார். செங்கால் உறுதியான வன்மரம். உடம்பு முழுக்க ஊசித்துளைகள் இருந்ததைக் கண்டு நான் தயங்கினேன். மரம் உயிரோடு இருந்த காலத்தில் அல்லது வெட்டிய புதிதில் வண்டு துளைத்தவை அவை, செங்காலில் சகஜம், மேற்கொண்டு பெருகாது என்று விளக்கினார். அடிக்கு ஐந்து ரிங்கிட் வீதம் அறுபது அடி எடுத்தோம்.

பழைய மரத்தில் ஒளிந்திருக்கும் ஆணி வாளின் பல்லை ஒரே சுற்றில் தின்றுவிடும். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டிப் பலகை மேல் மெல்ல இழுத்தால், ஆணி இருக்கும் இடத்தில் காந்தம் சுண்டி ஒட்டும். செங்கால் பலகை பாலாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தது. மேல்பக்கத்தை இழைக்கவில்லை. சட்டத்தில் உட்காரும் இடங்களை மட்டும் அடியில் உளியால் செதுக்கினேன். மேலே மட்டம் சரியாக வந்தது.

புதுத் திருகாணிகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, 304 தரம். கடலோரத்தில் வீடு இருப்பவர்கள் 316 வாங்குவது மேல். அதில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக்காற்றைத் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். எங்களுக்கும் கடலுக்கும் நடுவே நிறைய வீடுகள் இருப்பதால் 304 போதும் என்று முடிவு செய்தேன். சாதாரண இரும்பு மட்டும் வேண்டாம். இந்த மரங்களின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் திருகாணியைச் சுற்றி மை கொட்டியது போல் கறுப்புக் கறை படரும். வன்மரத்தில் முன்துளை இல்லாமல் திருகினால் ஒன்று பலகை பிளக்கும், இல்லாவிட்டால் திருகாணியின் கழுத்து முறியும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி, கடினப்படுத்திய சாதாரண எஃகுத் திருகாணியைவிட மென்மையானது. திருகாணித் தண்டைவிடச் சற்றுச் சிறிய துளை, தலை உட்காரக் கூம்புப் பள்ளம், மரைகளில் கொஞ்சம் மெழுகுவர்த்தி மெழுகு. செங்காலில் துளைப்பான் சூடாகிப் புகைந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும். பலகைகளுக்கு இடையில் ஐந்து மில்லிமீட்டர் சந்து விட்டேன், சுவரோரம் இன்னும் தாராளமாக விரல் நுழையும் அளவு. இப்போது சருகு விழுந்தால் துடைப்பக்குச்சியால் தள்ளிவிடலாம்.

சுத்தம் செய்வதற்கு அழுத்தத் தண்ணீர் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கச் சொன்னவர்கள் பலர். நான் எடுக்கவில்லை. அது அழுக்கோடு சேர்த்து மென்மையான நாரையும் கிழித்துவிடும், பிறகு பலகை பஞ்சு பஞ்சாக எழுந்து நிற்கும். குளோரின் கலந்த வெளுப்பானும் அப்படித்தான், பாசி போகும், மரத்தின் லிக்னினும் போகும். சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் வெளுப்பானை வெதுவெதுப்பான நீரில் லிட்டருக்கு அறுபது கிராம் அளவில் கரைத்து, பலகையில் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, நாரின் போக்கிலேயே தேய்த்தால் பாசியும் கருமையும் சோறு வடித்த கஞ்சி போல நுரைத்து வெளியேறும். கம்பித் தூரிகை வேண்டாம். அதன் இரும்புத்துகள் மரத்தில் தங்கி மறுநாள் கறுப்புப் புள்ளியாகும்.

அலசிய பிறகு ஆக்சாலிக் அமிலம். பழைய திருகாணிகள் விட்ட கறுப்புக் கறையும் மிச்சச் சாம்பலும் இதில்தான் போகும். பிளாஸ்டிக் வாளியில், வெந்நீரில், லிட்டருக்கு அறுபது முதல் எண்பது கிராம். இது நஞ்சு. கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டு, குழந்தைகளையும் பூனையையும் உள்ளே பூட்டிவிட்டு, செடித்தொட்டிகளை நகர்த்திவிட்டுத்தான் தொட வேண்டும். காய்ந்த பிறகு அதன் மேல் உப்புத்தாள் போட்டால் தூள் மூக்கில் ஏறும், அதனால் இரண்டு மூன்று முறை தாராளமாக அலசுவது முக்கியம். கறை மறைவதைக் கண் முன்னாலேயே பார்க்கலாம். இந்த வேலை முழுவதிலும் அம்மா வாய்விட்டுப் பாராட்டியது இந்தக் கட்டத்தில்தான். சட்டத்தை மாற்றியதற்கு யாரும் கைதட்டவில்லை.

நல்ல வெயிலில் சில நாள் காயவிட்டு, 60 எண் உப்புத்தாள், பிறகு 80. அதற்கு மேல் நயமாகத் தேய்ப்பது வீண்வேலை. மேசைக்குச் சரி, தளத்துக்குச் சரியில்லை. மழமழவென்று ஆகிவிட்டால் மரம் எண்ணெயைக் குடிக்காது, ஈரத்தில் வழுக்கவும் செய்யும்.

வார்னிஷா எண்ணெயா என்ற கேள்விக்கு என் பதில் தயக்கமில்லாமல் எண்ணெய்தான். வார்னிஷ் மரத்தின் மேல் தோலாக நிற்கும். மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது அந்தத் தோல் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், இறங்கியது வெளியே வராது. பிறகு உரிந்து உரிந்து நிற்பதை முழுவதும் சுரண்டினால்தான் மறுபூச்சு. எண்ணெய் உள்ளே இறங்கிவிடும், மங்கினால் கழுவி மேலே இன்னொரு முறை பூசினால் முடிந்தது. நிறமில்லாத எண்ணெய் வெயிலைத் தடுக்காது. வெயிலைத் தடுப்பது அதில் கலந்திருக்கும் நிறமிதான், எனவே லேசான பழுப்பு வாங்கினேன். காலையில் தளம் சூடேறுவதற்கு முன் மெல்லிய கையாகப் பூசி, இருபது நிமிடம் கழித்து மரம் குடிக்காமல் மிச்சம் விட்டதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் பிசுபிசுப்பாகவே நின்று, பறக்கிற தூசியையெல்லாம் பிடித்துவைக்கும். பலகையின் வெட்டுமுனைகளுக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தேன். தண்ணீர் அதிகம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை போன்ற உலரும் எண்ணெய்கள் காயும்போது சூடு வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கினால் தீக்குச்சி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, விறைப்பான பிறகு குப்பையில் சேர்த்தேன்.

கணக்கு இதுதான். செங்கால் பலகை 300 ரிங்கிட், கெம்பாஸ் சட்டம் நாற்பது அடி 180, திருகாணி மூன்று பெட்டி 180, எண்ணெய் இரண்டரை லிட்டர் 110, தார்நாடா 50, உப்புத்தாளும் தூரிகைகளும் 45, சுத்தம் செய்யும் இரசாயனங்கள் 40, எபாக்சி 20, வடிகுழாய் 15. மொத்தம் 940. துளைப்பானும் கைவாளும் வீட்டில் இருந்தன, போல்ட்டுகளும் ஒரு கை சிமெண்டும் மீதமிருந்த பூஞ்சை மருந்தும் மாமாவின் கொட்டகையில் இருந்து வந்தன. என் உழைப்புக்கும் மாமாவின் அறிவுக்கும் விலை போட்டால் கணக்கு மாறும், அது வேறு.

எங்கள் தளம் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஒரு பலகை உடைந்தால் கணுக்கால் சுளுக்கும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. மாடியில் தொங்குகிற தளம், சரிவில் தூண் மேல் நிற்கிற தளம் என்றால் சட்டத்தையும் தூணையும் சோதிப்பது தெரிந்த பொறியாளரின் வேலை. இந்தக் கணக்கை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

இப்போது தொட்டிகள் எல்லாம் ஓட்டுத்துண்டுகளின் மேல் உயர்ந்து நிற்கின்றன, அம்மா அவற்றை அவ்வப்போது இடம் மாற்றி வைக்கிறார். தளத்தில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கிறது. அது பரவி ஊறத் தொடங்கும் நாளில் இன்னொரு கை எண்ணெய் கொடுக்க வேண்டும், செப்டம்பர் மழைக்கு முன்னால் எப்படியும் ஒருமுறை. பாக்கி இருப்பது சமையலறை வாசலிலிருந்து இறங்கும் படி. அதன் இரண்டு கால்களும் அடியில் மக்கியிருக்கின்றன. அதற்கு ஏற்ற செங்கால் துண்டொன்று கொட்டகையில் இருப்பதாக மாமா சொல்லியிருக்கிறார். விலை இன்னும் பேசவில்லை.